கட்டை

கண்ணாடிக்கு மேலே, கேபினின் நெற்றியில், லாரிக்கு ஒரு பெயர் இருக்கும். குலசாமி பெயர், இல்லையென்றால் முதலாளி வீட்டுப் பிள்ளைகளின் பெயர். அப்பா பத்தொன்பது வருடம் ஓட்டிய டாடா 1210-இன் நெற்றியில் முதலாளியின் மகன், மகள் பெயர்கள் மஞ்சளில் சிவப்பு நிழல் வைத்து எழுதியிருந்தன. நாமக்கல்லில் எங்கள் தெருமுனையில் வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் அதைத்தான் முதலில் படிப்பேன். யாரோ இரண்டு பேரைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு அப்பா ஊர் ஊராகப் போகிறார் என்று தோன்றும். எட்டு வயதில் அது பெரிய வயிற்றெரிச்சல்.

முப்பது வயதில், பெங்களூரில் ஒரு வாடகை அறையில், அந்த லாரியை 1/24 அளவில் செய்ய உட்கார்ந்தபோது அந்த வயிற்றெரிச்சலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது தெரியவில்லை.

அதற்கு முன்னால் மூன்று கிட் செய்திருந்தேன். முதலாவது இத்தாலேரியின் ஸ்கானியா. பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடி வரும் பாகங்களை நறுக்கி, பிசிர் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். நன்றாகவே வந்தது. ஆனால் அது நான் ஏறாத வண்டி. அதன் கேபினுக்குள் என்ன வாசனை அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. 1210-இல் தெரியும்: டீசல், பீடி, ஊதுபத்தி, வெயிலில் சுட்ட ரெக்சின் சீட்.

1210-க்கு கிட் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பாதி வண்டிதான் இருந்திருக்கும். கம்பெனியிலிருந்து வருவது சேஸும் இன்ஜினும் முன்மூக்கும் மட்டும். கதவில்லாமல், கூரையில்லாமல், தலையில் துண்டு கட்டிய டிரைவர் காற்றில் உட்கார்ந்து அதை நாமக்கல்லுக்கு ஓட்டி வருவார். மிச்சத்தைப் பட்டறையில் கட்டுவார்கள். தச்சர் மரச்சட்டம் போடுவார், டிங்கர் தகடு அடிப்பார், பெயின்டர் பூவும் மயிலும் எழுதுவார். ஒரே கம்பெனி வண்டிக்குப் பட்டறைக்குப் பட்டறை வேறு முகம். அதனால் நானும் பட்டறைதான் போட்டாக வேண்டும்.

1/24-இல் ஒரு வசதி, ஓர் அடி என்பது அரை அங்குலம். எங்கள் ஊர்ப் பட்டறைகளும் அடி, அங்குலத்தில்தான் பேசும். பதினேழு அடி பாடி எட்டரை அங்குலமாகியது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 4.2 மீட்டர், அது பதினேழரை சென்டிமீட்டர். 900-20 டயர் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். எனக்கு நாலேகால் சென்டிமீட்டர் போதும். பழைய போட்டோ மூன்றையும் ஸ்கேலையும் வைத்துக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர் வெள்ளைப் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்ட ஆரம்பித்தேன். ஏழு மாதம் ஆனது.

அதில் கட்டியது பாதி நாள்தான். மீதி நாளெல்லாம் பழசாக்கினேன். புதிதாக நிற்கும் சின்ன லாரி வெறும் பொம்மை. பெரிய வண்டியில் அடிக்கும் அதே செங்காவியைச் சின்ன வண்டியில் அடித்தாலும் பொம்மையாகத்தான் தெரியும். தூரத்தில் நிற்கும் வண்டியின் நிறம் காற்றில் கொஞ்சம் வெளுத்திருக்கும் இல்லையா, அந்த வெளுப்பைப் பெயின்டிலேயே கலக்க வேண்டும். துருவுக்கு ஒரு வித்தை உண்டு. முதலில் துரு நிறம் அடித்து, அதன்மேல் தலைக்கு அடிக்கிற ஹேர் ஸ்பிரே, அதன்மேல் வண்டியின் நிறம். காய்ந்ததும் ஈரப் பிரஷால் தேய்த்தால் மேல் நிறம் செதில் செதிலாக உரிந்து அடியிலிருக்கும் துரு எட்டிப் பார்க்கும். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் விட்ட ஃபெவிகாலில் நனைத்துப் போட்டால் தார்ப்பாய். தையல் நூலுக்கு மெழுகு தடவினால் கயிறு. முன்கண்ணாடியை சூப்பர் குளூவால் ஒட்டினேன். விடிந்து பார்த்தால் அதன் ஆவி படிந்து கண்ணாடி முழுக்கக் கண்புரை மாதிரி வெள்ளை. புதிதாக வெட்டி, இந்தத் தடவை ஃபெவிகாலிலேயே ஒட்டினேன்.

கடைசியாக நெற்றி. மூன்று பூஜ்ய பிரஷில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் இரண்டு பெயர்கள் எழுதினேன். என் பெயர், தங்கச்சி பெயர். எழுதி முடித்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குக் கொண்டுபோனேன். பெங்களூரிலிருந்து மடியிலேயே வைத்திருந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாங்கினார். முகத்தைப் பார்க்கவில்லை. தலைகீழாகத் திருப்பி டிஃபரன்ஷியல், ஸ்பிரிங் பட்டை, சைலன்சர், ஸ்டெப்னி என்று ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். அப்புறம்தான் நிமிர்த்தினார். நெற்றியைப் படித்தார்.

"இது அந்த வண்டி இல்ல கண்ணு."

"அதேதானுங்ப்பா. பேரு மட்டும்தான்..."

"பேர மாத்துனா வண்டி வேறல்ல? செக்போஸ்ட்டுல, மண்டியில, எங்கயும் என் பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. அந்தப் புள்ளைங்க பேரச் சொல்லித்தான் என்னையக் கூப்புடுவாங்க. பத்தொம்பது வருசம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் இன்னொரு தடவை வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"கட்டை எங்க?"

துருவுக்கு ஆறு அடுக்குப் பெயின்ட் அடித்தவன் கட்டையை மறந்திருந்தேன். ஏற்றத்தில் லோடு வண்டி நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது. கிளீனர் குதித்து ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு அடியில் ஆப்பு மாதிரி ஒரு மரக்கட்டையைப் போட வேண்டும். அப்பா டிரைவராவதற்கு முன் நாலு வருடம் கிளீனராக இருந்தவர். தொப்பூர் ஏற்றத்தில் ஒரு ராத்திரி கட்டை வைத்த கையை எடுப்பதற்குள் வண்டி அரையடி பின்னால் வந்துவிட்டது என்றார். இடது ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். அந்தத் தட்டை நகத்தைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். கதவில் நசுங்கியது என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டதே இல்லை.

அன்று ராத்திரி எங்கள் பெயர்களைத் தின்னரில் துடைத்தேன். முதலாளி வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களை, போட்டோவில் இருக்கும் அதே வளைவோடு, மஞ்சளில் எழுதிச் சிவப்பில் நிழல் வைத்தேன். கை நடுங்கியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் தடவை எழுதியதைவிட நன்றாக வந்தது என்பதையும்.

காலையில் எழுந்து வந்தபோது அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வேப்பங்குச்சியை பிளேடால் சீவிக்கொண்டிருந்தார். ஒரு சென்டிமீட்டர் நீளம், ஒரு பக்கம் சரிவு. அதற்குப் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டேன். "கட்டைக்கு எவன்டா பெயின்ட் அடிப்பான்" என்றார்.

வண்டி இப்போது டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது, பின்சக்கரத்தில் கட்டை போட்டபடி. அம்மா தூசி தட்டும்போது அது எங்காவது உருண்டுவிடும். போன மாதம் போனில் பேசும்போது அப்பா குரல் தூரத்தில் கேட்டது. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

"வேற ஒன்னு சீவிக்கலாம்ல?" என்றேன்.

"அவருகிட்ட நீயே சொல்லு" என்று அம்மா போனைக் கொண்டுபோனாள். அப்பா வாங்கவில்லை.