ஏறி இறங்கிய ஓட்டம்

கலைப்பீடத்தில் வரலாறு பயிலும் ஒருவன் இயந்திரப் பழுதைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். வலிகாமத்துச் செம்மண்ணில் வளர்ந்தவர்க்கு அவ்வியப்பு இராது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. சுண்ணக்கல்லின் கீழே தேங்கிய நீரை இறைத்தே பயிர் வளர்க்கின்றோம். துலா மிதித்த காலம் எங்கள் அப்புவோடு போயிற்று. பின்னர் கிணற்றடிக்கு வந்தது, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய இறைப்பு இயந்திரம்.

2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. ஐயா அந்தப் போகத்தைக் கைவிட்டார். இயந்திரம் எண்ணெயுடன் நான்கு மாதங்கள் கொட்டிலிற் கிடந்தது. மார்கழியில் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து வெங்காயம் நட்டோம். தையில் மழை ஓய்ந்து இறைப்புத் தொடங்கியபோது இயந்திரம் சீராக ஓட மறுத்தது. உறுமி எழும், மறுகணம் தணியும், அணையப்போகிறது என்று அஞ்சும்போது மீண்டும் எழும்.

விடுமுறையில் வந்திருந்த நான் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம் என எண்ணினேன். ஐயா சந்தைக்குப் போயிருந்த வேளையில் பிளக்கை மாற்றினேன். காபரேற்றரைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பூட்டினேன். கவர்னரின் சுருள்வில்லை இறுக்கினேன். வேகம் கூடியதேயன்றி ஏற்ற இறக்கம் மாறவில்லை.

பல்லாண்டுகள் இயந்திரத்தின் அருகே நின்றதால் ஐயாவுக்குக் காது மந்தம். அவர் திரும்பி வந்து இயந்திரத்தைப் பார்க்கவில்லை. குழாயின் வாயைப் பார்த்தார். நீர் பருத்தும் மெலிந்தும் விழுந்துகொண்டிருந்தது.

“தண்ணி மூச்சு வாங்குது. முதல்ல நீ திருகினதை எல்லாம் பழையபடி வை, தம்பி” என்றார்.

அதன் பிறகு சோக்கை மெல்லப் பாதியளவு மூடினார். ஓட்டம் சீராயிற்று. திறந்தார், மீண்டும் தள்ளாடியது. எனக்குச் சிறிது சிறிதாக விளங்கிற்று. காற்றை மட்டுப்படுத்தினால் இயந்திரம் அமைதியடைகிறது. ஆகவே எண்ணெய் குறைவாக வருகிறது, அல்லது வேறெங்கோ வேண்டாத காற்று புகுகிறது. எண்ணெய் போதாமல் வேகம் தளர, கவர்னர் வாயிலை அகலத் திறக்கிறது. வேகம் மிஞ்ச, அதுவே மூடுகிறது. நான் குற்றஞ்சாட்டிய கவர்னர், உண்மையில் தன் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தது!

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டின் மோட்டார்ச் சைக்கிள்கள்கூடச் சில துளி பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. ஐயாவின் கைப்பழக்கம் அக்காலத்தது. காபரேற்றரின் கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் துருநீரும் பழுப்பு நிறப் பிசினும் படிந்திருந்தன. ஜெட்டின் நுண்துளையை, மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பிழையால் துப்புரவாக்கினார். ஊசியை நான் நீட்டியபோது தடுத்தார். ஊசி பித்தளைத் துளையைப் பெருப்பித்துவிடுமாம்.

மீண்டும் பூட்டியபோது தள்ளாட்டம் பெரிதும் குறைந்தது. ஆனால் முற்றாக நீங்கவில்லை. காபரேற்றர் இயந்திரத்தோடு சேரும் இடத்தைச் சுற்றி ஐயா விரலால் எண்ணெய் பூசினார். சில கணங்கள் ஓட்டம் நேராகியது. பிறகு, பூசிய எண்ணெய் உள்ளே இழுபட்டுப் போக, பழைய தள்ளாட்டம் திரும்பியது. அங்கிருந்த காஸ்கட் கிழிந்திருந்தது. கிழிவு புதியது. திருகாணிச் சாவியை நெம்பியபோது ஏற்பட்ட கிழிவு அது என்பதை நான் உடனே அறிந்துகொண்டேன்.

பழைய காஸ்கட்டை அளவாக வைத்து, தடித்த காஸ்கட் தாளில் புதியதொன்றை ஐயா வெட்டினார். கிழிவைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இக்கட்டுரையிலேயே அதனை முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன். இவ்விதழின் பிரதியொன்று வீட்டுக்கும் போகும்.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ஐயா என் பக்கம் திரும்பி, “இப்ப சத்தம் எப்பிடி?” என்று உரத்துக் கேட்டார். நான் கையால் சைகை காட்டினேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, முதற் பாத்திக்குத் தண்ணீர் மாறப் போனார்.