கப்பலில் கடைசி நாள்

அந்தமானுக்குக் கப்பலில் போய் வந்தோம் என்றால், "ப்ளேன்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம்தானே!" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உண்மைதான். சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) நடுவே கடல் வழி கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். 60 மணி நேரம் போல ஆகிறது. ஆனால் 78 வயதான என் மாமியார், "நான் பறக்க மாட்டேன்" என்று தீர்மானமாகச் சொல்லி விட்டார். அங்கே இருக்கும் மகளைப் பார்க்கவும் வேண்டும். ஆகவே பிப்ரவரி மாதம், கடல் அதிகம் கொந்தளிக்காத சமயமாகப் பார்த்து, ராஜபாளையத்திலிருந்து ஐந்து பேரும் கிளம்பினோம்.

போகும்போது இருந்த உற்சாகம் திரும்பும்போது இல்லை. ஹாடோ துறைமுகத்துக்குப் புறப்படும்போது நாத்தனார்தான் அழுதாள். அத்தை அழவில்லை. கப்பல் ஏறியதும் பேச்சே நின்று விட்டது. இரண்டு நாளும் கஞ்சி, ரஸ்க் தவிர ஒன்றையும் தொடவில்லை. குமட்டலா, மனசா என்று எனக்குப் பிடிபடவில்லை.

குமட்டலுக்கு டாக்டர் எழுதிய மாத்திரையைக் கப்பல் ஏறும் முன்பே கொடுத்திருந்தேன். வந்த பிறகு விழுங்கினால் அவ்வளவாகப் பிரயோஜனமில்லை. என் சின்னவன் கேபினில் படுத்தபடி செல்போனில் விளையாடி, வாந்தி எடுத்துத் துவண்டு விட்டான். அவனை மேல்தளத்தில் காற்றுப்படும்படி, கப்பலின் நடுப்பக்கமாக உட்கார வைத்தேன். அங்கேதான் ஆட்டம் குறைவு. தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டையே பார்க்கச் சொன்னேன். அடங்கியது. வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிடவும் ஆகாது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரை எதையும் கொடுத்து விடாதீர்கள்.

கடைசி நாள் விடிந்தபோது கரு நீலமாக இருந்த கடல் பச்சையாகி, பிறகு கலங்கலாக மாறியிருந்தது. மீன்பிடிப் படகுகள் தென்பட்டன. நடுக்கடலில் சிக்னல் இல்லாமல் ஊமையாகக் கிடந்த போன்களெல்லாம் ஒவ்வொன்றாக அலற ஆரம்பித்தன. அத்தையின் பழைய பட்டன் போனும் அடித்தது.

"அம்மா, கரை தெரியுதா?"

அத்தை எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தெரியுதும்மா. கட்டடமெல்லாம் நல்லாத் தெரியுது. நான் சுகமா வந்துட்டேன்."

எனக்கு ஒரு கட்டடமும் தெரியவில்லை, வெறும் பனிமூட்டம்தான். போனை வைத்து விட்டு அத்தை, "இட்லி கிடைக்குமா, கேளு" என்றார்.

அதற்குப் பிறகு துறைமுக பைலட் சிறு படகில் வந்து கயிற்றேணியில் ஏறியதும், மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்றதும், எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்ததும் ஒரே ஓட்டமாகப் போயிற்று.

மறுநாள் காலை ராஜபாளையம் வரை போகாமல் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கினோம். ஆண்டாளைச் சேவித்து விட்டுத்தான் வீடு என்பது அத்தையின் வேண்டுதல். பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த எனக்குக் கோபுரமே மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது! உள்ளே கல் தரையும் ஆடியது. அத்தை தூணைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் அரைக் கிலோ பால்கோவா வாங்கினார். "யாருக்கு அத்தை?" என்றேன். "அவளுக்குத்தான்..." என்று ஆரம்பித்தவர், பொட்டலத்தைப் பேரன் கையில் கொடுத்து விட்டார்.

ராஜபாளையம் வந்தும் வீட்டுத் தரை ஆடிக்கொண்டேதான் இருந்தது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் மூளையும் கப்பல் ஆட்டத்துக்குப் பழகி, கரையேறியும் அதையே எதிர்பார்ப்பதால் வருவது இது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே போய்விடும். போகாமல் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வயதானவர்கள் விழுந்து விடக்கூடாதே என்று குளியலறை வரை நான் கூடவே போனேன்.

"இன்னும் ஆடுதா அத்தை?"

"ஆடத்தான் செய்யுது. ஆடட்டும்த்தா. நின்னுட்டா அவ ஊரு ரொம்பத் தூரமாப் போயிரும்ல."

மூன்றாம் நாள் காலை நான் எழுந்து வந்தபோது, வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.