ஊரெல்லாம் ஸைக்ஸ்!

ஹடர்ஸ்பீல்டு நகரத்துக் கடைத்தெருவில் நின்றுகொண்டு, "மிஸ்டர் ஸைக்ஸ்!" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். இது கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகையல்ல. சுற்றுப்புறத்துக் கிராமங்களின் மாதாகோயில் மயானங்களில் நடந்து பாருங்கள். கல்லுக்குக் கல் ஸைக்ஸ்!

ஒரே தெருவில் ஒன்பது ராமசாமிகள் இருப்பது நமக்கொன்றும் புதிதல்ல. ஆனால் அந்த ஒன்பது பேரும் உறவினர்களா என்று யாரும் கேட்பதில்லை. ராமசாமி என்பது ஆளின் பெயர். ஸைக்ஸ் என்பதோ குடும்பத்தின் பெயர். தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று சொத்தைப் போல இறங்கி வருவது. ஆகவே, "இவர்கள் எல்லாரும் ஒரே வம்சமா? எல்லாரும் பங்காளிகளா?" என்ற கேள்வி தானாக எழுகிறது. அந்தக் கேள்விதான் என்னை இந்த ஊருக்கு இழுத்துக்கொண்டு வந்தது.

ஹடர்ஸ்பீல்டு இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயரின் மேற்குப் பகுதியில், லீட்ஸுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே இருக்கிறது. பென்னைன் மலைத்தொடரின் சரிவில் அமைந்த ஊர். கம்பளித் துணிக்குப் பெயர் போனது. அந்தக் காலத்தில் கோட்டு தைத்துக்கொண்ட நம் பெரியவர்கள் துணியின் கரையைப் புரட்டிப் பார்த்து, அங்கே நெய்திருக்கும் ஊர்ப் பெயரைப் படித்த பிறகுதான் தையற்காரரிடம் கொடுப்பார்கள். 'ஹடர்ஸ்பீல்டு' என்றிருந்தால் மதிப்பே தனி. ரெயிலை விட்டு இறங்கினால், ஸ்டேஷனா அரண்மனையா என்று சந்தேகம் வரும். முகப்பில் அத்தனை பெரிய தூண்கள். 1850ல் கட்டி முடித்தது. ஸ்டேஷனுக்கு எதிரே, பிரதம மந்திரியாயிருந்த ஹெரால்ட் வில்ஸனின் சிலை. அவர் 1916ல் இந்த ஊரில் பிறந்தவர்.

ஊரில் நிறைந்திருந்த பெயர் ஸைக்ஸ் என்றாலும், ஊரைச் சொந்தமாக வைத்திருந்த பெயர் வேறு. ராம்ஸ்டன் குடும்பத்தார் 1599ல் ஹடர்ஸ்பீல்டு ஜமீனை ராஜாங்கத்திடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் நகரத்தின் நிலத்தில் பெரும்பகுதி அவர்கள் வசம் இருந்தது. கடைசியில் 1920ல் நகரசபையே அதை வாங்கிக்கொண்டது. தன்னைத் தானே விலைக்கு வாங்கிய ஊர் என்று இன்றும் வேடிக்கையாகச் சொல்கிறார்கள். ராம்ஸ்டன் வம்சத்தைத் தேடுவது சுலபம். பத்திரங்களும் சித்திரங்களும் வரிசையாக இருக்கின்றன. நெசவாளி ஸைக்ஸைத் தேடுவதுதான் சிரமம்.

அதற்கு மேற்கே கோல்ன் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். பள்ளத்தாக்கு மிகக் குறுகல். ஆறு, கால்வாய், ரெயில் பாதை, கார் ரோடு நான்கும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. பஸ்ஸில், எழுத்தைக் கூட்டி 'ஸ்லாத்வெய்ட்' என்று டிக்கெட் கேட்டேன். பக்கத்து ஸீட்டிலிருந்த முதிய அம்மாள், "ஸ்லாவிட் என்று சொல்லு, கண்ணே!" என்று திருத்தினார். யார்க்ஷயர் பாட்டிமார்கள் முன்பின் தெரியாதவர்களையும் 'கண்ணே' என்றுதான் அழைக்கிறார்கள். நம் பாட்டிகளின் ஞாபகம் வராமல் இருக்குமா?

மலைச்சரிவு முழுவதும் கருகிய நிறத்தில் கல் வீடுகள். ஆலைப் புகை பட்டுப் பட்டு வந்த கறுப்பு அது. பழைய வீடுகளில் ஒரு விசேஷம் கவனித்தேன். மாடியில் மட்டும் ஐந்து, ஆறு, ஏழு ஜன்னல்கள் சங்கிலி கோத்தாற்போல வரிசையாக இருக்கின்றன. தறி இருந்தது மாடியில். தறிக்கு வெளிச்சம் வேண்டும். ஆலைகள் வருமுன் ஒவ்வொரு வீடும் ஒரு சின்னத் தொழிற்சாலை. குழந்தைகள் கம்பளியைச் சிக்கெடுக்க, பெண்கள் நூல் நூற்க, ஆண்கள் நெய்வார்கள். கொல்லையில் ஒன்றிரண்டு மாடு, கொஞ்சம் நிலம். பக்கத்துக் கிராமமான கோல்காரில் இப்படிப்பட்ட வீடுகளை மியூஸியமாக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒரு பெயர் ஒரே இடத்தில் குவிந்ததற்குக் காரணமும் இந்த மாடி ஜன்னல்களில்தான் இருக்கிறது. பிழைப்பைத் தேடி இவர்கள் வெகுதூரம் போகவேண்டி வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் வந்தபோது, அவையும் ஆற்றுத் தண்ணீருக்காக இதே பள்ளத்தாக்கில் வந்து உட்கார்ந்தன. மேட்டிலிருந்த பையன் பள்ளத்துக்கு இறங்கினான், அவ்வளவுதான் பிரயாணம்.

'ஸைக்' என்றால் அந்த வட்டாரப் பேச்சில் சிற்றோடை. கோடையில் வற்றிப் போகிற, வயலுக்கு வயல் எல்லையாக ஓடுகிற வாய்க்கால். ஓடைக்கரை வீட்டுக்காரன் என்பதுதான் பெயரின் பொருள். இந்த மலையில் ஓடைக்கா பஞ்சம்? ஆகவே, ஓடைக்கு ஒரு குடும்பமாகப் பல பேர் தனித்தனியே இந்தப் பெயரை வைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருவருக்கொருவர் உறவு இராது என்பதே வெகு காலம் பண்டிதர்களின் அபிப்பிராயம்.

அதைச் சோதித்துப் பார்த்தவரும் ஒரு ஸைக்ஸ்தான்! பிரையன் ஸைக்ஸ் என்பவர் ஆக்ஸ்போர்டில் மரபணு ஆராய்ச்சி செய்த பேராசிரியர், 2020ல் காலமானார். அவர் ஒரு தடவை க்ளாக்ஸோ கம்பெனியில் பேசப் போனார். நம் வீடுகளில் ஒரு காலத்தில் குழந்தைகளுக்குப் பால் பவுடர் டப்பாவாக வந்த அதே க்ளாக்ஸோதான். அப்போது அதன் தலைவர் ஸர் ரிச்சர்ட் ஸைக்ஸ், ஹடர்ஸ்பீல்டில் படித்தவர். "நீங்கள் இருவரும் உறவா?" என்று கேட்டார்கள். விஞ்ஞானியல்லவா? 'தெரியாது' என்று சொல்லி நகராமல் சோதித்தார். தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் வருகிற 'ஒய்' குரோமோஸோம் என்று ஒன்று நம் உடம்பில் உண்டு. ஆண்களின் வழியே வரும் குடும்பப் பெயருக்கு அது இரட்டைப் பிறவி மாதிரி. அது இருவருக்கும் ஒத்துப் போயிற்று!

பிறகு அவர் யார்க்ஷயர், லங்காஷயர், செஷயர் பகுதிகளிலிருந்த ஸைக்ஸ்மாருக்குக் கடிதம் எழுதி, கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். 48 பேருடையதைச் சோதித்ததில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரே அடையாளம் இருந்தது. அதே ஊர்களில் வேறு பெயருள்ளவர்களிடம் அந்த அடையாளம் இல்லை. 2000ல் முடிவை வெளியிட்டார்: சுமார் எழுநூறு வருஷத்துக்கு முன் ஓடைக்கரையில் ஒரே ஒரு ஸைக்ஸ் இருந்திருக்கவேண்டும், பெயர் அவரிடமிருந்து கிளம்பியது. அவர் பார்த்தது நான்கே அடையாளங்களைத்தான். இன்றைய சோதனைகளில் இன்னும் எத்தனையோ பார்க்கிறார்கள். ஆனாலும் பெயரையும் ரத்தத்தையும் முதன்முதலாக இப்படிப் பொருத்திப் பார்த்த பெருமை அவருக்கு உண்டு.

அப்படியானால் மற்றப் பாதிப் பேர்?

இங்கேதான் விஷயம் பெண்கள் பக்கம் திரும்புகிறது. தலைமுறைக்கு நூற்றுக்கு 1.3 வீதம் தந்தை வழி மாறியிருந்தால், எழுநூறு வருஷத்தில் பாதிப் பேரிடம் அந்த அடையாளம் மறைந்துவிடும் என்று கணக்குப் போட்டார் பேராசிரியர். யார்க்ஷயர் மனைவிமார்கள் பரம பதிவிரதைகள் என்று இதை வைத்துக்கொண்டு மெச்சலாம். எனக்கு அந்த மெச்சல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பெயர் ஒன்றாக இருந்து ரத்தம் வேறாகப் போவதற்கு மனைவியின் தவறுதான் காரணமாக இருக்கவேண்டுமா, என்ன? அநாதைக் குழந்தையை எடுத்து வளர்த்திருப்பார்கள். விதவை மறுமணம் செய்துகொண்டதும் பிள்ளைகள் புதுத் தகப்பனின் பெயரைப் பூண்டிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்யாணம் ஆகாமலே தாயான பெண் ஒருத்தி, தன் பெயரான ஸைக்ஸையே மகனுக்குக் கொடுத்திருப்பாள். ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்த மாதிரிக் குழந்தைக்குத் தகப்பன் பெயர் இராது. தாய் பெயர் மட்டும் இருக்கும். 1834ல் வந்த ஏழைகள் சட்டம், அப்படிப்பட்ட குழந்தையின் பாரத்தைத் தாயின் தலையிலேயே போட்டது. பகலெல்லாம் ஆலையில் உழைத்து ஒருத்தி வளர்த்த மகனின் சந்ததி, சோதனைச்சாலையில் 'ஒத்துவராதவர்கள்' பட்டியலில் நிற்கிறது. வாஸ்தவத்தில் அவர்களும் ஸைக்ஸ்தானே? பெயர் தாய் வழியாக வந்தது; அவ்வளவுதான் குற்றம்.

குடும்பத்தைத் தேடுகிறவர்கள் மயானத்தில் ஆரம்பித்து, வேக்பீல்டில் உள்ள மேற்கு யார்க்ஷயர் சரித்திர மையத்துக்கு வந்து சேருகிறார்கள். இங்கிலாந்தில் மாதாகோயில்கள் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதியவேண்டும் என்று 1538ல் உத்தரவாயிற்று. சர்க்காரின் பிறப்பு இறப்புப் பதிவு 1837ல் தொடங்கியது. ஆண் வழியில் போனால் ராஜபாட்டை மாதிரி தடையில்லாமல் போகலாம். பெண் வழியில் திரும்பினாலோ, கல்யாணத்தோடு வழி அடைபட்டுவிடுகிறது. பிறந்த வீட்டுப் பெயர் போய்விடுகிறது. கல்லறைக் கல்லைப் பாருங்கள்: கணவர் பெயர், தொழில், ஊர் எல்லாம் விஸ்தாரமாக, கீழே, 'மேற்படியாரின் மனைவி மேரி'. ஐம்பது வருஷம் அடுப்பு ஊதி, பத்துப் பிள்ளை பெற்றவளுக்கு மேற்படியார்தான் விலாசம்!

கல்யாணப் பதிவேட்டில் எழுதத் தெரியாத மணப்பெண்கள் போட்ட பெருக்கல் குறி இருக்கிறது. மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரும் தொழிலும், பெண்ணின் தகப்பனார் பெயரும் தொழிலும் இருக்கின்றன. இரண்டு சம்பந்திப் பெண்டுகளின் பெயரும் இல்லை. ஏதோ பழைய காலத்து வழக்கம் என்று எண்ணவேண்டாம். இங்கிலாந்தில் கல்யாணப் பதிவில் தாயார் பெயரைச் சேர்த்தது 2021 மே மாதத்தில்! மணமகளின் முதல் முகூர்த்தப் புடவையிலிருந்து கடைசிக் கிண்ணம் வரை பார்த்துப் பார்த்துச் செய்கிற தாயாருக்கு அதுவரை அந்தக் காகிதத்தில் இடமில்லை.

ஆனாலும் பெண்கள் சாமர்த்தியசாலிகள். தடயம் வைக்காமல் போவார்களா? வடக்கு இங்கிலாந்தில், தாயின் பிறந்த வீட்டுப் பெயரைக் குழந்தைக்கு நடுப்பெயராக வைக்கும் வழக்கம் உண்டு. ஜோஸப் ஸைக்ஸ் ஷா என்று ஒருவர் இருந்தால், அவருடைய தாயோ பாட்டியோ ஸைக்ஸ் வீட்டுப் பெண் என்று ஊகிக்கலாம். பிறப்புச் சான்றிலும் தாயின் பழைய பெயர் உண்டு. 1851லிருந்து ஜனத்தொகைக் கணக்கில் பிறந்த ஊரையும் எழுதினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவள் ஞானஸ்நானம் பெற்ற கோயிலைத் தேடலாம்.

ஊர்க்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். எல்லாரும் ஸைக்ஸ் என்றால் தபால்காரன் என்ன செய்வான்? அதனால் குடும்பப் பெயரையே மூட்டைகட்டி வைத்துவிட்டு, 'ஜாக்குடைய பில்லுடைய டாம்' என்று மூன்று தலைமுறையை ஒரே மூச்சில் சொல்லி அழைத்தார்கள். தாயின் பெயரைச் சொல்லி, 'ஸாலியின் ஜோ' என்று அழைக்கப்பட்டவர்களும் உண்டு. பதிவேடு மறந்த ஸாலியைத் தெரு மறக்கவில்லை.

பெண்களைத் தேடுகிறவர்களுக்கு நான் கண்டவற்றுள் மிகவும் பிரயோஜனமானது 1939 செப்டம்பர் 29ல் எடுத்த பதிவேடு. யுத்தம் தொடங்கியதும் அடையாளச் சீட்டுக்காக வீடு வீடாக எழுதியது. 1931 கணக்கு 1942ல் தீயில் எரிந்துபோயிற்று; 1941ல் கணக்கே எடுக்கவில்லை. ஆகவே அந்த முப்பது வருஷத்துக்கு இதுதான் கதி. யுத்தம் முடிந்த பிறகு அரசாங்க வைத்தியத் திட்டத்துக்கும் இதே ஏட்டை உபயோகித்தார்கள். கல்யாணமான பெண்ணின் பெயரைக் குமாஸ்தா ஒரு கோடு கிழித்து அடித்து, மேலே புகுந்த வீட்டுப் பெயரை எழுதினார். புது ஏட்டுக்கு மாற்றி எழுதியிருந்தால் பழைய பெயர் தொலைந்திருக்கும். மெல்லிய கோடு ஒன்று மட்டுமே கிழித்ததால், அடித்த எழுத்துக்குக் கீழே 'ஸைக்ஸ்' என்பதை இன்றும் படிக்க முடிகிறது.