உயரமும் உறுதியும்

கீழ்ப்பழனி மலையில், தண்டிக்குடிக்கு அப்பால், நமக்குச் சிறியதொரு காப்பித் தோட்டம் உண்டு. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள், அம்மரங்களையே கொழுகொம்பாகப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகள், இடையிடையே மலைவாழை. தார்ச்சாலை முடியுமிடத்திலிருந்து நம் இல்லம்வரை மூன்று கிலோமீட்டர் தொலைவும் கல்லும் சேறுமான பாதைதான். அப்பாதையில் மூட்டைகளையும் மனிதரையும் ஏற்றிச் செல்ல ஜீப்பு வண்டியை விட்டால் வேறு வழியில்லை.

2021ஆம் ஆண்டில் நாம் வாங்கிய ஜீப்பு ஏற்கெனவே பலர் கை மாறியது. முன்னர் வைத்திருந்தவர் அதனை நான்கு அங்குலம் உயர்த்தியிருந்தார். ஊர் முகப்பில் அது வந்து நின்றபோது ஊராரெல்லாம் அண்ணாந்து பார்த்தனர். "அப்பா, எந்தப் பாறையானாலும் இது தாண்டிவிடும்" என்று நம் மகன் மகிழ்ந்தான். நம் உள்ளத்திலும் பெருமிதம் எழுந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வண்டியின் உயரத்தைக் கண்டு மகிழ்ந்த நாம், குனிந்து அதன் அடிப்பகுதியைப் பார்க்கவில்லை. பின்னர் நேர்ந்த துன்பத்துக்கெல்லாம் அந்தக் கவனக்குறைவே வித்தாயிற்று.

அடுத்த ஆண்டு நவம்பர் மாதம். இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்த காலைப் பொழுதில், காப்பி உலர்த்தும் களத்தில் நம் அன்னையார் வழுக்கி வீழ்ந்தார். எழுபத்தெட்டு வயது, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. 108 ஊர்தி தார்ச்சாலை முனைவரைதான் வர இயலும். ஜீப்பின் பின்புறம் மெத்தை விரித்து, அவரைக் கிடத்தி, நாமே ஓட்டிப் புறப்பட்டோம்.

அந்த மூன்று கிலோமீட்டரைக் கடக்க நாற்பது நிமிடங்கள் ஆயின. ஒவ்வொரு கல்லிலும் வண்டி துள்ளிற்று; ஒவ்வொரு துள்ளலுக்கும் பின்னாலிருந்து ஓர் அலறல். சிறுபாலத்தருகே ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியதும் 'மடார்' என்றொரு ஓசை கேட்டது. சக்கரம் நிலத்தை விட்டெழும்பி, வண்டியின் பின்பகுதி ஓடைப் பக்கமாக ஒரு முழம் நகர்ந்து நின்றது. இன்னும் ஒரு முழம் நகர்ந்திருப்பின், இன்று நாம் இதனை எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

அறுவை மருத்துவம் நலமாக முடிந்தது. மூன்றாம் நாள் அன்னையார் நம்மிடம் சொன்னது இதுதான்: "சாமி, வீட்டுக்குப் போகும்போது என்னைக் கட்டிலோடு தூக்கிப் போகச் சொல். அந்த வண்டி மட்டும் வேண்டாம்."

அச்சொல் நெஞ்சில் தைத்தது. தாயை ஏற்ற இயலாத வண்டி நம் இல்லத்திற்கு எதற்கு?

வத்தலக்குண்டில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவருக்கு எழுபதைக் கடந்த வயது. வண்டியின் கீழே படுத்துக் கால்மணி நேரம் பார்த்தவர், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, வண்டியை உயர்த்தினார்களே, அச்சு உயர்ந்ததா?"

விளங்காமல் விழித்தோம். அவரே விளக்கினார். வில்பட்டையை உயர்த்தினால் மேலுள்ள உடலும் சட்டமும் மட்டுமே மேலே போகும். அச்சின் நடுவே பருத்துத் தொங்கும் டிஃபரன்ஷியல் முன்பிருந்த அதே உயரத்தில்தான் இருக்கும். பாறையில் முதலில் இடிபடுவதும் அதுவே. அதனை உயர்த்த வேண்டுமானால் பெரிய டயர் போட வேண்டும். அப்போதும் டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அச்சு ஓர் அங்குலமே உயரும்.

பிறகு, அந்த நான்கு அங்குலம் எவ்வாறு வந்தது என்பதைக் காட்டினார். வில்பட்டையின் ஒரு முனையைத் தாங்கும் ஷேக்கிள் நான்கு அங்குலம் நீட்டப்பட்டிருந்தது. மறுமுனை இருந்த இடத்திலேயே இருப்பதால், அதனால் கிடைத்த உயரம் இரண்டு அங்குலமே. எஞ்சிய இரண்டு அங்குலத்திற்காக ஒவ்வொரு வில்லிலும் தடித்த பட்டைகள் இரண்டு கூடுதலாகச் செருகப்பட்டிருந்தன. இருபது மூட்டை ஏற்றினால்தான் வளையக்கூடிய வில். நாம் ஏற்றுவதோ பெரும்பாலும் ஆறு மூட்டைகளும் நான்கு பேரும். அதனால்தான் வில் வளையாது, வண்டியே துள்ளிற்று.

அதனினும் பெரிய பிழை ஷாக் அப்சார்பரில் இருந்தது. வண்டியை உயர்த்தியவர் ஷாக்கை மாற்றவில்லை. பழைய அளவுள்ள ஷாக், வண்டி சும்மா நிற்கும்போதே முக்கால்வாசிக்குமேல் இழுபட்டிருந்தது. கீழிறங்க அதற்கு ஓர் அங்குலமே எஞ்சியிருந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்கியபோது, அச்சின் முழுச் சுமையும் அந்த மெல்லிய தண்டில் தொங்கியது. 'மடார்' என்ற ஓசையின் காரணம் அதுவே. ஒரு ஷாக்கின் மேற்பிடி விரிசல் கண்டிருந்தது. மற்றொன்றில் எண்ணெய் முழுவதும் ஒழுகிப் போயிருந்தது. பிரேக் குழாயும் விறைத்து நின்றது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு மிகுந்து, அதன் மூட்டுகளும் தேய்ந்திருந்தன.

"எடையைத் தாங்குவது வில்லின் வேலை. வில்லின் ஆட்டத்தை அடக்குவது ஷாக்கின் வேலை. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது, தம்பி" என்றார் அப்பெரியவர். வில் அமுங்கி மீளும்போது, ஷாக்கினுள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே பிதுங்கிச் செல்கிறது. அந்தத் தடையே துள்ளலைத் தணித்து வெப்பமாக மாற்றுகிறது. வில் கடினமாக ஆக, அது மீண்டெழும் வேகமும் மிகும். அதனை அடக்கும் வலிமை ஷாக்குக்கு இல்லையேல் சக்கரம் நிலத்தை விட்டுவிடும். நிலத்தைத் தொடாத சக்கரத்திற்குப் பிரேக்கும் இல்லை, திசையும் இல்லை.

வண்டியைப் பழைய உயரத்திற்கே இறக்குவதென நாம் முடிவு செய்தோம். மகன் முகம் வாடிற்று. "கூட்டாளிகள் கேலி செய்வார்களே, அப்பா. உயரம் அப்படியே இருக்கட்டும், நீளமான ஷாக் மட்டும் போட்டுக்கொள்ளலாம்" என்றான். அவன் கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை. உயரத்திற்கேற்ற நீளமுள்ள ஷாக், தளர்ந்த வில், நீண்ட பிரேக் குழாய் யாவும் பொருத்தினால் பள்ளத்தில் வண்டி ஒழுங்காகவே ஓடும். ஆயினும் பக்கவாட்டுச் சரிவு என்று ஒன்றுண்டு. பெரியவர் ஒரு காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினார். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 48 அங்குலம் எனக் கொள்வோம். அதில் பாதி 24. வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 24 அங்குலத்தில் இருந்தால் விகிதம் 1. மையம் மூன்று அங்குலம் ஏறினால் விகிதம் 0.89 ஆகக் குறையும். இந்த எண் குறையக் குறைய, வண்டி எளிதில் கவிழும். மேலும், பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கலாகாது என 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. உச்சநீதிமன்றமும் 2019ஆம் ஆண்டில் அதனை வலியுறுத்தியது. விலை பேசும்போது இதனை நாம் எண்ணிப் பார்க்காதது நம் பிழையே.

மகன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் அளவுகோலை எடுத்துக்கொண்டு தானே வண்டியின் கீழே சென்றான். நமக்கு அது பெரும் ஆறுதலாயிற்று.

கூடுதல் பட்டைகள் கழற்றப்பட்டன. பழைய அளவு ஷேக்கிள் மீண்டது. சுமை மிகும்போது மட்டும் தாங்குமாறு அடியில் ஒரு துணைப்பட்டை வைக்கப்பட்டது. அதன்பின் ஷாக்குக்கான அளவை எடுத்தான் மகன். ஷாக்கைக் கழற்றிவிட்டு, ரப்பர் கட்டையில் அச்சு முட்டும்வரை ஜாக்கியால் உயர்த்தி, இரு பிடிகளுக்கும் இடையே அளந்தான்: 13 அங்குலம். பிறகு சட்டத்தைத் தூக்கிச் சக்கரத்தை முழுதும் தொங்கவிட்டு அளந்தான்: 20 அங்குலம். ஆகவே நமக்கு வேண்டிய ஷாக், சுருங்கினால் பன்னிரண்டரை அங்குலத்திற்கு மிகாமலும், நீண்டால் இருபதரை அங்குலத்திற்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். மேலே இடியை ரப்பர் கட்டை ஏற்க வேண்டும். கீழே தொங்கலை வில்பட்டை ஏற்க வேண்டும். இரண்டில் எதனையும் ஷாக்கின் தலையில் கட்டலாகாது.

ஷாக்கிலும் இருவகை உண்டு. ஒற்றைக்குழாய் வகையில் எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் தனித்தனியே பிரிந்திருக்கும். சூடு விரைவில் ஆறும். நெடுந்தொலைவு விரைந்து செல்வோர்க்கு அது ஏற்றது. ஆனால் வெளிக்குழாயில் ஒரு கல் பட்டு நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக்குழாய் வகையில் வெளிக்குழாய் சற்று நசுங்கினாலும் உட்குழாய் தப்பும். நம் பாதையில் விரைவுக்கு இடமில்லை, கற்களுக்கோ குறைவில்லை. எனவே, எண்ணெய் நுரைப்பதைக் குறைக்கக் குறைந்த அழுத்தத்தில் வாயு நிரப்பிய இரட்டைக்குழாய் ஷாக்குகளையே வாங்கினோம். கடையில் பளபளத்த விலையுயர்ந்தவற்றை மகன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த மார்ச்சு மாதம் அன்னையார் இல்லம் திரும்பினார். தார்ச்சாலை முனையில் ஜீப்பைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது. "ஏறுவதற்குக்கூட இப்போது எளிதாக இருக்கிறது, பாட்டி" என்று கைகொடுத்து ஏற்றினான் பேரன். அவனே ஓட்டினான். நாம் பின்னால் அன்னையாரின் அருகில் அமர்ந்திருந்தோம். முதல் பள்ளத்தில் அவர் நம் கையை இறுகப் பற்றினார். இரண்டாம் பள்ளத்திலும் பற்றினார். சிறுபாலத்தைக் கடந்தபோது பிடி தளர்ந்திருந்தது. "மிளகுக்கு இந்த வருசம் கொடி கட்டினார்களா?" என்று கேட்டார். வண்டியை மறந்து தோட்டத்தை நினைக்கத் தொடங்கிவிட்டார் என்பதை அறிந்து நம் கண்கள் நனைந்தன.

இப்போது நம் ஜீப்பை எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆனால் மலையில் யாருக்கேனும் நோவு கண்டால், நள்ளிரவிலும் நம் வாயிற்கதவே தட்டப்படுகிறது.

வண்டி வாங்கும் அன்பர்களுக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கு, நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: அதன் உயரத்தைப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை குனிந்து அடியைப் பாருங்கள். நீங்கள் நாள்தோறும் ஏற்றும் சுமையைக் கணக்கிட்டு வில்லைத் தேர்ந்தெடுங்கள். சக்கரம் ஏறி இறங்கும் தொலைவை அளந்து ஷாக்கைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் இல்லத்தில் மிக நொந்த உடல் யாருடையதோ, அவரைப் பின்னால் ஏற்றி ஒருமுறை மெல்ல ஓட்டிப் பாருங்கள். வண்டி நல்லதா அல்லதா என்பதை அவரே சொல்லிவிடுவார்.