செத்த நத்தையின் சங்கதி

அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தில், செஸபீக் விரிகுடாவின் மேற்குக் கரையோரம் கால்வர்ட் குன்றுகள் செங்குத்தாக நிற்கின்றன. அலை அரிக்க அரிக்க, அவற்றின் வயிற்றிலிருந்து புராதனக் கடலொன்றின் சிப்பிகள் உதிர்கின்றன. அவற்றின் வயது 80 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வருஷம் வரை!

அவற்றுள் ஒன்று எக்போரா என்னும் நத்தை. உள்ளங்கையில் அடங்கும் ஓடு. அதைச் சுற்றித் துருத்திக்கொண்டு நான்கு வரம்புகள். அக்கம்பக்கத்துச் சிப்பிகள் சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடக்க, இது மட்டும் செங்காவி உடுத்தியிருக்கிறது. ஓட்டினுள் புரதப் பொருள் மெல்லிய ஏடுகளாக இன்னும் எஞ்சியிருப்பதை 2015-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்.

காவி உடுத்தியதால் சாது என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். இதன் உறவு நத்தைகள் இன்றும் செய்யும் காரியம் இது: சிப்பியின்மேல் ஏறி உட்கார்ந்து, அமிலம் கசியவிட்டு ஓட்டை இளக்கி, அரம் போன்ற நாக்கினால் சுரண்டித் துளைத்து, உள்ளிருக்கும் சதையைத் தின்றுவிடும். அவசரமே கிடையாது. தின்றதும் தின்னப்பட்டதும் மறைந்த பிறகும் துளை மறைவதில்லை. நம் கடற்கரையில் பொறுக்கும் சிப்பியில், மூக்குத்திக்குக் குத்தினாற்போல் வட்டத் துளை இருந்தால், அநேகமாக அதுவும் இத்தகைய வேட்டையின் அடையாளந்தான்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னோம். மறுநாள் ஒரு மாணவனின் தகப்பனார் வந்தார். “செத்த நத்தையால் பையனுக்கு என்ன பிரயோஜனம், ஸார்?” என்றார். கோபமில்லை, கவலை. சம்பளம் கட்டுகிறவர் கேட்கக்கூடிய கேள்விதான்.

மேரிலாந்து 1994-ல் தன் சின்னமாக ஏற்ற இனத்துக்கு எக்போரா கார்ட்னரே என்று பெயர். ஜூலியா கார்ட்னர் (1882–1960) என்ற புவியியல் விற்பன்னரின் ஞாபகார்த்தமாக இட்ட பெயர் அது. இரண்டாவது உலக யுத்தத்தில், 1944-45-ல், ஜப்பான் வெடிகுண்டு கட்டிய பலூன்களை அமெரிக்காமீது பறக்கவிட்டது. பாரத்துக்காக அவற்றில் மணல் மூட்டைகள் தொங்கின. அந்த மணல் எந்தக் கரையில் அள்ளியது என்று துப்பறிந்த கூட்டத்தில் அந்த அம்மையாரும் இருந்தார். சிப்பித் துணுக்குகளே சாட்சி.

இதைக் கேட்டதும் தகப்பனார் முகம் மலர்ந்தது. நமக்கோ உள்ளூர ஒரு வருத்தம். குண்டு வந்து சாட்சி சொன்னால்தானா நத்தைக்கு மரியாதை? கார்ட்னர் அம்மையார் சிப்பிகளைப் படித்து டாக்டர் பட்டம் பெற்றது 1911-ல். பலூன்கள் கிளம்ப அப்போது இன்னும் முப்பத்து மூன்று வருஷம் இருந்தது.