வடநெம்மேலியில் விஷம் எடுப்பவர்கள்

எங்கள் வையம்பட்டியைச் சுற்றியுள்ள மானாவாரிப் பூமியில், அடுக்கி வைத்த சோளத்தட்டைக்கு அடியிலோ கல்வரப்பின் இடுக்கிலோ சுருட்டை விரியன் படுத்திருக்கக்கூடும் என்பதை அறியாத குடியானவர் ஒருவரும் இலர். இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் வலி தெரியாமல் கடித்துவிட்டுப் போவதும், விடியற்காலையில் வயிற்றுவலி என்று அவர் எழுந்து உட்கார்வதும், அதற்குள் கண்ணிமைகள் சரியத் தொடங்குவதும் எங்கள் பக்கத்து ஜனங்கள் அறிந்த துயரங்களே. கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அங்கே நரம்பில் ஏற்றுகிறார்களே, அந்த விஷமுறிவு மருந்தின் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று நேரில் பார்க்கும் விருப்பமே என்னை வடநெம்மேலிக்குப் பிரயாணம் செய்யத் தூண்டியது.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் உள்ள அவ்வூரில், ராமுலஸ் விட்டேக்கர் 1976இல் தோற்றுவித்த முதலைப் பண்ணையின் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, 1978இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். அதற்கு முன்னெல்லாம் இருளர் பழங்குடியினர் தோலுக்காகவே பாம்பு பிடித்தார்கள். தோல் வியாபாரிகள் பெருஞ்செல்வம் சேர்க்க, பிடித்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பக் கூலியே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்த ஜீவனத்தையும் நிறுத்திவிட்டபோது, கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாம்பைத் திரும்பக் காட்டில் விடும் இந்தத் தொழில் அவர்களுடைய பரம்பரை ஞானத்துக்குப் புதியதொரு வழியைத் திறந்துவிட்டது.

பாம்புகளை மண்பானைகளில் வைத்திருக்கிறார்கள். அடியில் மணல், வாயில் காற்றுப் புகும்படி இறுக்கிக் கட்டிய துணி. நான் நின்றிருந்தபோது ஒரு பெரியவர் பானைத் துணியை அவிழ்த்து, கொக்கியால் கண்ணாடி விரியன் ஒன்றை வெளியே எடுத்தார். குக்கரிலிருந்து ஆவி பீறிடுவதுபோல் அது சீறியது. அவரோ அவசரமின்றி வாலைப் பற்றி, தலையைக் கொக்கியால் மெல்ல அழுத்தி, பிடரியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அடக்கிக்கொண்டார். மேலே மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் வாயை வைத்ததும் பற்கள் சவ்வைத் துளைத்தன. மஞ்சள் நிறத் துளிகள் உட்சுவரில் வழிந்து இறங்கின. அவ்வளவுதான். “பயமில்லையா ஐயா?” என்று கேட்டேன். “பயம் இருக்கணும் சார், அவசரம்தான் இருக்கக் கூடாது” என்றார்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையே பிடிக்கிறார்கள். எலி வளை, கரையான் புற்று, வேலி ஓரம் என்று தேடிப் போகையில் இருளரின் கண், மண்ணில் பதிந்த தடத்தையும் உரிந்த சட்டையையும் வாசித்து, பாம்பு உள்ளே இருக்கிறதா, போய்விட்டதா என்று தீர்மானிக்கிறது. கையில் ஒரு கடப்பாரை, தோளில் ஒரு பை, வேறு ஆயுதமில்லை. கொண்டுவந்த பாம்பை நிறுத்து அளந்து பதிவு செய்கிறார்கள். சில வாரங்களுக்குள் நான்கு தடவை மட்டும் விஷம் எடுத்தபின், அடிவயிற்றுச் செதிலின் ஓரத்தைச் சிறிது கத்தரித்து விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு மறுபடியும் அகப்பட்டால் அந்த அடையாளம் அதைக் காப்பாற்றுகிறது. சட்டை உரிக்க உரிக்கச் செதில் வளர்ந்துவிடுமாம். பாம்பின் உடம்பைக்கூட இத்தனை சிரத்தையாகக் கருதும் ஒழுங்கு என்னை மிகவும் கவர்ந்தது.

உறையவைத்து உலர்த்திய விஷம் பொடியாக மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அவற்றின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து எடுக்கிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது, பெரும்பாலோர் கிராமவாசிகள். அவ்விதம் சாகாமல் தப்பியவர்கள் பலருடைய உடம்பில் ஓடியது இந்தப் பானைகளிலிருந்து புறப்பட்ட மருந்துதான்.

மருந்துக்காகப் பாம்பு பிடிப்பவர்கள் இப்படியிருக்க, அயல்நாட்டு நகரங்களில் ஊர்வனவற்றைக் கண்காட்சியாக வைத்து விலை கூறுவது வழக்கம். அந்த மோகம் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளைத் திருச்சி விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றினார்கள். பாம்பை வேடிக்கைப் பொருளாக அடைத்து வைப்பவருக்கும், அதன் போக்கையும் பசியையும் அறிந்து பிடித்து விடுபவருக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

இருளரான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2017இல் அமெரிக்காவின் ப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்று 16 அடி நீளம். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆயினும் சங்கத்தார் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பது வனத்துறையின் அனுமதியைப் பொறுத்தது. அந்த உத்தரவு கைக்கு வரும்வரை கடப்பாரையைத் தொட முடியாது, கிடைத்த கூலிவேலைக்குத்தான் போக வேண்டும். அனுமதியைக் காலந்தாழ்த்தாமல் கொடுப்பதும், பிடித்துத் தரும் ஒவ்வொரு பாம்புக்குமான தொகையை உயர்த்துவதும் சர்க்கார் உடனே செய்யத்தக்க காரியங்கள்.