அடுப்படியும் வெப்பமானி முள்ளும்

மலைநாட்டுத் தேயிலையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் கரங்களோடு நின்றுவிடுவர். தொழிற்சாலையின் பின்புறத்தே புகை படிந்து கிடக்கும் அடுப்படிவரை செல்வோர் சிலரே. ஆயின், பகலெல்லாம் பறித்துச் சுமந்த கொழுந்து தேயிலையாவதும் பாழாவதும் அங்கேதான் முடிவாகின்றது.

1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கிய ஜேம்ஸ் டெயிலர், தம் வீட்டு விறாந்தையில் இலையைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரிநெருப்பின் மேல் உலர்த்தினார். நெருப்பும் இலையும் ஒருசேர அவர் கண்ணெதிரே இருந்தன. பின்னர், பெல்பாஸ்ற் நகரின் சாமுவேல் டேவிட்சன் ஆக்கிய ‘சிரொக்கோ’ முதலிய இயந்திரங்கள் வந்தபோது நெருப்பு ஓரிடமும் இலை வேறிடமுமாயின. விறகு அடுப்பில் எரிய, இரும்புக் குழாய்கள் சூடேறுகின்றன. அவற்றைத் தழுவிவரும் தூய காற்றே உலர்த்தியினுள் இலையைத் தொடுகின்றது. தொல்லையின் ஊற்று இந்த இடைவெளிதான்.

உட்புகும் காற்று ஏறத்தாழ 95 பாகை செல்சியசிலும், வெளியேறும் காற்று 52க்கும் 57க்கும் இடையிலும் நிற்றல் வேண்டும். அவ்வாறு நின்றால் சுமார் 20 நிமிடங்களில் இலையின் ஈரம் 3 வீதமளவுக்கு இறங்கும். வெப்பம் குன்றின் நொதித்தல் அடங்காது, இலை புழுங்கிச் சுவை மங்கும். மிகின் மேற்புறம் ஓடுபோல் இறுகி, ஈரம் உள்ளே சிறைப்படும். அத்தூள் நெடுநாள் தாங்காது.

அட்டன் பகுதித் தொழிற்சாலை ஒன்றில், தென்மேல் பருவமழை கொட்டிய ஓர் ஆடி இரவு, புதிதாய் வந்த இளைஞன் ஒருவன் நெருப்புப் பார்த்துக்கொண்டிருந்தான். முள் 80க்குச் சரிந்தது. விறகை அள்ளித் திணித்தான். முள் மேலும் சரிய, மீண்டும் திணித்தான். அரைமணி கழிந்ததும் அது 110ஐக் கடந்தது. அஞ்சி அடுப்புக் கதவை அகலத் திறந்தான். குளிர்காற்றுப் புகுந்து முள் மறுபடி வீழ்ந்தது. ரீமேக்கர் இருமுறை வந்து ஏசிப் போனார். அவனோ தற்காலிக வேலையாள். விடிந்ததும் பேர் வெட்டப்பட்டால், மறுபடி மலைக்குத்தான் போகவேண்டும்.

அவ்வேளை துணைக்கு அழைக்கப்பட்டு வந்தார், ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர்.

“முள்ளப் பாத்து வெறகு போடாத தம்பி. முள்ளு சொல்றது போன கத.”

“அப்ப எதப் பாக்குறது மாமா?”

“மொதல்ல சாம்பலப் பாரு.”

சாம்பல் தட்டியை அடைத்துக் கிடந்தது. கீழிருந்து காற்றேற வழியில்லை. அதை வாரியெடுத்தபின் அவர் இரு விறகுத் துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினார். காய்ந்த விறகு கணீரென ஒலிக்கும். இவை மந்தமாய் ஒலித்தன. ஈரவிறகு முதலில் தன் நீரை ஆவியாக்கவே வெப்பத்தை விழுங்கும். அதனால்தான் முள் சரிந்தது. பின்னர், திணித்தவையனைத்தும் ஒருங்கே காய்ந்து ஒருங்கே பற்றிக்கொண்டன. இளைஞன் துரத்திய ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் அவன் கையாலேயே பிறந்தவை. (இதை அவனிடம் கடிந்துரைக்காதது முதியவரின் பெருந்தன்மை.)

பின்னர் அவர் உலர்த்தியருகே சென்று இரு வெப்பமானிகளையும் ஒப்புநோக்கினார். உட்காற்று நிலையாயிருக்க, வெளிக்காற்று மட்டும் தாழ்ந்தால் குற்றம் நெருப்பினதன்று. தட்டில் இலை தடித்து விழுகின்றது என்பதே பொருள். அன்று அதுவும் இருந்தது. பரப்பை மெலிதாக்கச் சொன்னார். அதன்பின் காய்ந்த விறகைச் சிறிது சிறிதாய், ஒரே கால இடைவெளியில் இடச்செய்தார். முள் உடனே பணியவில்லை. இளைஞனின் கை விறகை நோக்கி நீண்டபோதெல்லாம், “பொறு” என்றார். ஒருமணி நேரத்தில் அது 95ஐ அண்டி அமைதியுற்றது.

காலையில் பேர் வெட்டப்படவில்லை. ஈரத்தின் மூலத்தைத் தேடியபோது விறகுக் கொட்டிலின் மேற்குப் பக்கத்தில் இரு கூரைத் தகரங்கள் இல்லாதது தெரிந்தது. அவற்றைக் கேட்டு முந்திய மாரியிலேயே எழுதப்பட்ட கடிதம் அலுவலகத்தில் இருந்தது. தகரம் வரும்வரை இளைஞன் மறுநாளைய விறகை முதல்நாள் மாலையே அடுப்புச் சுவரோரம் அடுக்கி வைக்கலானான்.